கேஸ் போடுறேன்

மே 3, சனி

முதலாளி புது உத்தரவு போட்டிருக்கிறார். கேரவனுக்கு ஒரு நோட்டு. ஏசி எத்தனை மணி நேரம் ஓடியது, பில்டர் கழுவியாச்சா, தண்ணீர்க் குழாய் அடைத்ததா என்று தினமும் தேதி போட்டு எழுத வேண்டுமாம். பதினொரு வருஷமாக வாயால் சொல்லி வந்ததை இனிமேல் கையால் சொல்ல வேண்டும். எழுதினால் மட்டும் படித்துவிடப் போகிறாரா என்ன. மாதக் கடைசியில் நல்ல பிள்ளையாக ஒன்று தனியாக எழுதி அனுப்பிவிட்டால் போச்சு. இதில் நான் என் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறேன்.

தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளத்தில் ஷூட்டிங். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை. மரம் என்று பார்த்தால் ஒரே ஒரு உடை மரம், அதன் நிழலை டைரக்டர் எடுத்துக்கொண்டார். வண்டி வெட்டவெளியில் நிற்கிறது. உள்ளே கட்டில், கண்ணாடி, பாத்ரூம், சின்ன அடுப்பு எல்லாம் உண்டு. கூரை மேல் இரண்டு ஏசி. முன்னால் இருப்பது துணிமணி வைக்கும் அறைக்கு. பின்னால் இருப்பது சௌபர்ணிகா மேடத்துக்கு.

மேடத்துக்கு வயது முப்பது. படத்தில் எழுபது வயது உப்பளத் தொழிலாளி. முகத்தில் ரப்பர் தோல் ஒட்ட நாலு மணி நேரம் ஆகிறது. வியர்த்தால் தாடையோரம் உரிந்து வந்துவிடும். உரிந்தால் அன்றைய ஷூட்டிங் போச்சு. அதனால் இந்தப் படத்தில் ஹீரோவுக்கு அடுத்தபடியாக எல்லோரும் கூப்பிடும் பெயர் செண்பகராஜ், அதாவது நான்.

தங்கமாரி கோவில்பட்டியில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். பங்குனிப் பொங்கலுக்குப் போனவள். சாலிகிராமத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே மொட்டை மாடி, சித்திரை வந்தால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். வெயில் தணிந்ததும் வருவாள். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

மே 4, ஞாயிறு

கத்திரி பிறந்தது. காலையில் இரண்டு பில்டரையும் கழுவிக் காய வைத்தேன். கூரை மேல் யூனிட்டின் தகட்டுப் பல்லெல்லாம் உப்புப் படிந்து வெள்ளையாக இருந்தது. பல் நெடுகப் பிரஷ்ஷை மேலிருந்து கீழே இழுக்க வேண்டும், குறுக்கே இழுத்தால் மடங்கிவிடும். பிறகு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். நல்ல தண்ணீருக்கு இங்கே பஞ்சம். மேடத்துக்கு வந்த கேனில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம், கேட்கவில்லை.

கதவை மூடச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. உதவி டைரக்டர்கள் வாசலில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாக நின்று கதை பேசுகிறார்கள். “ஊருக்கே ஏசி போடுறதுக்கு நான் என்ன கவர்மெண்டா” என்று கேட்டேன். சிரித்தார்கள். கதவு மட்டும் மூடவில்லை.

மே 5, திங்கள்

தண்ணீர்க் குழாய் அடைத்து, துணிமணி அறையில் கிழவி சேலை நனைந்துவிட்டது. வாயை வைத்து ஊதி எடுத்தேன். சாயங்காலம் வரை நாக்கில் உப்பு.

மே 6, செவ்வாய்

பின் ஏசி குரல் மாறிவிட்டது. கல்லை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். கேஸ் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தேன், பாதிக்கும் கீழே. சோப்பு நுரை தடவினேன். வளைவுக் குழாயில் குமிழி விட்டது. உப்புக் காற்று செம்பைத் தின்றிருக்கிறது. ஏழு வருஷ யூனிட், அதைக் குறை சொல்லவும் முடியாது.

மத்தியானம் சாப்பிடும்போது பீர் பாய் ஒரு கேள்வி கேட்டார். பீர்முகம்மது எங்கள் வண்டியின் டிரைவர், கீழக்கரைக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். கேட்கக் கூடாததைச் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார். கோவில்பட்டி இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தானே, வந்து ஒரு வாரமாச்சு, ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரக் கூடாதா என்றார். வேலை இருக்கு பாய் என்றேன். வேலை எப்போதும்தான் இருக்கு என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

நான் போகாததற்குக் காரணம் வேலைதான். போன வருஷம் இதே மே மாதம் பொள்ளாச்சியில் இருந்தோம். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றும் இல்லை.

மே 7, புதன்

சத்தம் கூடிவிட்டது. கூரை மேல் உட்கார்ந்தபடியே முதலாளிக்கு மெசேஜ் போட்டேன். போன் பேசினால் அவர் பேசுவார், நான் கேட்க வேண்டியிருக்கும். மெசேஜ் என்றால் நான் சொல்வதை அவர் கேட்டாக வேண்டும். வெயிலில் போன் திரை ஒரே கறுப்பு. தொப்பியால் மறைத்துப் பார்த்தாலும் என் மூஞ்சிதான் தெரிந்தது. குத்துமதிப்பாக ‘ஓனர்’ என்று இருந்ததைத் தொட்டு அனுப்பினேன். என் போனில் ஓனர் இரண்டு பேர். முதலாளி ‘ஓனர் சார்’. தங்கமாரி வெறும் ‘ஓனர்’. கல்யாணமான புதிதில் வைத்தது, அப்போது அவளுக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன். நாளைக்கு முதலாளி ‘நீ சொல்லவே இல்லை’ என்பார்.

‘கூலிங் சுத்தமா இல்லை. சத்தம்தான் ஜாஸ்தி. பழசை வச்சு இனிமே ஓட்ட முடியாது. புதுசு மாத்திடலாம். அதுவரைக்கும் நாளைக்கே கேஸ் போட்டு வைக்கிறேன்.’

சாயங்காலம் ஐந்து வரைக்கும் பதில் இல்லை. வழக்கம்தானே.

மே 8, வியாழன்

பதில் வந்துவிட்டது. பில்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் சோப்பு. போன் மினுங்கியது. பாய்தான் எடுத்துப் படித்தார்.

“ஓனர் அனுப்பியிருக்காரு. ‘சரி. போட்டுக்கோங்க. புதுசே மாத்திக்கோங்க. நான் குறுக்க நிக்கல.’”

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பதினொரு வருஷத்தில் முதலாளி எதற்கும் ஒரே வார்த்தையில் சரி என்றதில்லை. அதிலும் ‘ங்க’ போட்டு எழுதியிருக்கிறார். என்னை அவர் ‘டேய்’ என்பார், நல்ல மூடில் இருந்தால் ‘ஏம்ப்பா’ என்பார். பாய்க்கும் ஆச்சரியம். வயசாகுதுல்ல, மனுஷன் மாறுவான் என்றார். மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மதுரைக்குப் போன் போட்டுப் புது யூனிட்டுக்குச் சொல்லிவிட்டேன். இன்றைக்குத் தற்காலிகமாகக் கேஸ் ஏற்றி ஓட்டினேன். ஓட்டையை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது தப்பு என்று எனக்கும் தெரியும். மேடத்தின் முகம் உரியாமல் பொழுது போனால் போதும் என்றிருந்தது.

வேல்ச்சாமி மச்சான் இரண்டு தடவை கூப்பிட்டார். தங்கமாரிக்கு அண்ணன். கோவில்பட்டியில் ஒரு வக்கீலிடம் இருபது வருஷமாகக் குமாஸ்தா. கூப்பிட்டால் புத்தி சொல்வார். எடுக்கவில்லை.

மே 9, வெள்ளி

புது யூனிட் மாட்டியாச்சு. காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து, மேடம் வருவதற்குள் முடித்துவிட்டேன். பழையதைக் கயிறு கட்டி இறக்கினோம். கூரை ஓட்டையைச் சுற்றி இருந்த ரப்பர் வளையமும் நைந்திருந்தது, அதையும் மாற்றினேன். குழாய் ஒட்டி, உள்ளே இருக்கும் காற்றை மிஷின் வைத்து முக்கால் மணி நேரம் உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கேஸ் விட்டேன். அவசரப்பட்டு இதைக் குறைக்கிறவன் மெக்கானிக் இல்லை.

பதினெட்டு டிகிரி. சத்தமே இல்லை. மேடம் மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்து, இப்போதுதான் உயிர் வந்தது என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு பொருள் கெட்டது, காரணம் தெரிந்தது, சரி செய்தேன். மனுஷனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

மச்சான் நாலு தடவை.

மே 10, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கு முதலாளி போன். மதுரைக் கடைக்காரர் பில் அனுப்பியிருக்கிறார். யாரைக் கேட்டு மாத்தின டேய் என்று ஆரம்பித்தார். நீங்கள்தானே சார் சரி என்று சொன்னீர்கள், மெசேஜே இருக்கு என்றேன். எனக்கு எவன்டா மெசேஜ் போட்டான் என்றார். இருங்க சார், இப்போதே உங்களுக்கு அனுப்புகிறேன் என்று வண்டிக்குள் போய், நிழலில் நின்று போனைத் திறந்தேன்.

மேலே தங்கமாரியின் போட்டோ. எட்டயபுரம் கோயில் வாசலில் நான் எடுத்தது.

அதற்குக் கீழே நான் அனுப்பியது. கூலிங் சுத்தமா இல்லை. சத்தம்தான் ஜாஸ்தி. பழசை வச்சு இனிமே ஓட்ட முடியாது. புதுசு மாத்திடலாம். அதுவரைக்கும் நாளைக்கே கேஸ் போட்டு வைக்கிறேன்.

அதற்குக் கீழே அவள். சரி. போட்டுக்கோங்க. புதுசே மாத்திக்கோங்க. நான் குறுக்க நிக்கல.

மேடத்தின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கட்டிலில் நாங்கள் உட்காரக் கூடாது. முதலாளி போனில் இன்னும் கத்திக்கொண்டிருந்தார், அடுத்த படத்துக்கு உன்னை அனுப்புகிறேனா பார் என்றார். அனுப்பாதீங்க சார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

தங்கமாரிக்குப் போட்டேன். எடுக்கவில்லை. ஏழு தடவை போட்டேன். பிறகு மச்சானுக்குப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

“வாங்க மாப்ளே. மூணு நாளா கூப்பிடுறேன், பெரிய மனுசன், எடுக்க மாட்டேங்கீக. கேஸ் போட்டாச்சா?”

மச்சான், அது ஏசிக்குப் போடுகிற கேஸ் என்றேன். குமாஸ்தாக் குரலில் மெசேஜை வரி வரியாகப் படித்தார். ‘கூலிங் இல்லை’ என்பது சரி, ஏசி. ‘சத்தம் ஜாஸ்தி’ என்பது யாரு? ‘பழசு’ என்பது யாரு? ‘புதுசு மாத்திடலாம்’ என்று கட்டின பொண்டாட்டிக்கு எழுதி அனுப்பிவிட்டு, ஏசி என்றால் எந்த நீதிபதி ஒத்துக்குவார் என்று கேட்டார். இப்போது கோர்ட்டு கோடை லீவு, ஜூன் மாதம் திறந்ததும் எங்கள் கேஸ்தான் முதல் கேஸ், நோட்டீஸ் டைப் அடித்து வைத்தாச்சு, நீங்கள் முந்துவதற்குள் நாங்கள் முந்திக்கொள்கிறோம் என்றார். தங்கமாரியிடம் கொடுங்கள் என்றேன். அவ பேச மாட்டா என்றார்.

மே 11, ஞாயிறு

குரல் பதிவு அனுப்பினேன். பழைய யூனிட்டைப் படம் பிடித்து அனுப்பினேன், ஓட்டை விழுந்த வளைவுக் குழாயைத் தனியாகப் பிடித்து அனுப்பினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் இல்லை.

பில்டர் கழுவினேன்.

மே 12, திங்கள்

பாயிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். என்னைவிட அவருக்குத்தான் சங்கடம், படித்துச் சொன்னது அவர் வாய் அல்லவா. பிறகு கேட்டார்.

“ராஜு, ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காதே. என் வீட்டுக்காரிக்கு நான் இப்படி ஒரு மெசேஜ் தப்பா அனுப்பியிருந்தா, ‘யாருக்கு அனுப்ப வேண்டியதை எனக்கு அனுப்புனீங்க’ன்னு கேட்டிருப்பா. உன் வீட்டுல ஏன் கேக்கல? ஏன் உடனே நம்பிட்டாங்க?”

ஜெனரேட்டருக்கு டீசல் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டேன். டீசல் நிறைய இருந்தது.

இங்கே எழுதிவிடுகிறேன். எங்கேயாவது எழுதித்தானே ஆக வேண்டும்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். பதின்மூன்றாவது வருஷம்தான் தங்கமாரி உண்டானாள். ஐந்தாம் மாதம். நான் பொள்ளாச்சியில். அன்றைக்கும் இதே வண்டி, இப்போது இறக்கிய அதே பழைய பின் ஏசி, கரண்ட் ஏறி இறங்கி டிரிப் ஆகிக்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு பெரிய நடிகர், வெளியே எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் கூரை மேல். தங்கமாரி கூப்பிட்டாள். பதினொரு தடவை. ஷாட் போகிறதென்று போனைச் சைலன்டில் வைத்திருந்தேன், தெரியவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அவளிடமும் அதைத்தான் சொன்னேன்.

தெரியும். பாக்கெட்டில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். ஓனர் என்று இருந்தது. காய்கறி, தண்ணீர் மோட்டார், வீட்டுக்காரம்மா சண்டை, இதில் ஏதாவது ஒன்றாக இருக்கும் என்று கட் பண்ணினேன். முதல் மூன்று தடவை கட் பண்ணினேன். பிறகு பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறது. நான் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். அதற்குள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்திருந்தாள். நான் போனதும் செய்த முதல் காரியம் ஒன்று உண்டு. வெக்கையாக இருக்கே என்று பேனின் கண்டன்சரை மாற்றினேன்.

அதன் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை. அவளுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 13, செவ்வாய்

புரொடக்‌ஷன் மேனேஜரிடம் இரண்டு நாள் லீவு கேட்டேன். நாளைக்கும் மறுநாளும்தான் கிழவி சாகும் காட்சி, படத்துக்கே உயிர் அதுதான், ஏசி மெக்கானிக் இல்லாமல் எப்படி என்றார். மனைவிக்கு உடம்பு சரியில்லையா என்றார். இல்லை என்றேன். யாராவது தவறிவிட்டார்களா என்றார். ஒரு நிமிஷம் யோசித்து, ஆமாம், போன வருஷம் என்றேன். அவருக்குப் புரியவில்லை, சாப்பாட்டு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

மேடத்திடம் நேரே போய்ச் சொன்னேன். முகத்தில் பாதி ரப்பர், பாதி அவர் முகம். ஊருக்குப் போக வேண்டும், வீட்டில் பிரச்சினை, ஏசியைப் பாய் பார்த்துக்கொள்வார் என்றேன். நின்றால் என்ன செய்வது என்று கேட்டார். நிற்காது, நின்றால் என் வேலை போகும், அவ்வளவுதான் என்றேன். கண்ணாடியில் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“போயிட்டு வாங்கண்ணா. இது உரிஞ்சா மறுபடி ஒட்டிக்கலாம்.”

ராத்திரி பாய்க்கு எழுதிக் கொடுத்ததை அப்படியே இங்கே பதிகிறேன். பாய், காலையில் மேடம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே ஏசி போட்டுவிடுங்கள், சூடான வண்டியை உடனே குளிர வைக்க எந்த ஏசியாலும் ஆகாது. ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே வெள்ளிப் பேப்பர் ஒட்டியிருக்கிறேன், யாராவது எடுத்தால் கையை உடைத்துவிடுவேன் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இரண்டு ஏசியையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள், ஜெனரேட்டர் மூச்சு வாங்கும், ஒன்று போட்டு ஐந்து நிமிஷம் கழித்து மற்றது. நின்றுவிட்டால் உடனே போடாதீர்கள். மூன்று நிமிஷம் பொறுத்துப் போடுங்கள், மூச்சு விட நேரம் கொடுக்காமல் போட்டால்தான் எரிந்து போகும். பில்டர் சாயங்காலம். கூரையில் ஏறாதீர்கள், உங்கள் முட்டிக்கு ஆகாது. என்னைக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன்.

கடைசி வரியைப் படித்துவிட்டு, நீ எடுத்தாத்தான்டா நான் கோவிச்சுக்குவேன் என்றார் பாய்.

மே 15, வியாழன். காலை, கோவில்பட்டி

நேற்று நடந்ததை இன்றைக்கு எழுதுகிறேன்.

பத்து மணிக்கு வந்து சேர்ந்தேன். மச்சான்தான் கதவைத் திறந்தார். கோர்ட்டு லீவு, பனியனோடு இருந்தார். பையில் இருந்து ஓட்டை விழுந்த குழாயை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். படம் பத்தாது என்று வெட்டிக் கொண்டுவந்திருந்தேன். முதலாளி போனில் திட்டியதையும், பாய் மெசேஜ் படித்த கதையையும், நான் சந்தோஷப்பட்டு மதுரைக்குப் போன் போட்டதையும் சொன்னேன். ‘ங்க’ போட்டு எழுதினாரே என்று நான் ஆச்சரியப்பட்டதைச் சொன்னபோது மச்சானால் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. இருபது வருஷத்தில் எத்தனையோ கேஸ் பார்த்தேன் மாப்ளே, இது மாதிரி கேஸ் பார்த்ததில்லை என்றார். அப்புறம் என் முன்னால் சிரித்தது அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. டீயோடு கடிக்க ஏதாவது வாங்கி வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தங்கமாரி உள்வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

கேட்டியா, அவ்வளவுதான் விஷயம் என்றேன். எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி சொன்னேன். யூனிட் மாற்றி முடித்ததும் சொல்வேனே, அந்தக் குரல்.

அவள் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்கு மறுநாளே தெரியும். ஏசி மெக்கானிக்கோட பதினாலு வருசம் குடும்பம் நடத்துறவளுக்கு எந்தக் கேஸ்னு தெரியாதா. முதல்ல படிச்சப்பத்தான் கோர்ட்டுன்னு நெனச்சேன். பதிலும் போட்டேன்.”

“தெரிஞ்சதும் ஏன் சொல்லல? அண்ணன் நோட்டீஸ் அடிக்கிற வரைக்கும் ஏன் விட்ட?”

“படிச்சதும் அழுகை வரும்னு உக்காந்திருந்தேன். வரல. அப்பாடான்னு இருந்துச்சு. அன்னைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன். ஒரு வருசத்துல அன்னைக்குத்தான்.” அப்புறம், “மறுநாள், அது ஏசி கேஸாத்தான் இருக்கும்னு தோணினதும் நெஞ்சு அடைச்சுப் போச்சு. இதை வெளிய எப்படிச் சொல்ல?” என்றாள்.

மெசேஜ் தப்பு என்று நிரூபிக்கத்தான் குழாயை வெட்டிக்கொண்டு வந்தேன். அது அவளுக்குத் தேவையே இல்லை. நிரூபித்ததுதான் அவளுக்குக் கஷ்டம். எழுந்து வெளியே போய்விடலாமா என்று இருந்தது. இது மாதிரி நேரத்தில் நான் போய்விடுவேன், ஏதாவது ஒன்றைக் கழற்றி மாட்டுவேன். அந்த வீட்டில் பேன்கூட நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

சொன்னேன்.

“பொள்ளாச்சியில நீ கூப்பிட்டது தெரியும். பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கட் பண்ணேன்.”

“தெரியும்.”

“எப்படி?”

“எடுக்காம விட்டா ரிங் முழுசாப் போகும். நடுவுல நின்னா, ஆளு கட் பண்றாருன்னு அர்த்தம். மூணு தடவை நடுவுல நின்னுச்சு.”

ஒரு வருஷம். இதைத் தெரிந்துகொண்டே எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். சைலன்டில் இருந்தது என்று நான் சொன்னபோதெல்லாம் தலையை ஆட்டியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. இப்படி ஒரு வெட்கத்தை இதற்கு முன் பட்டதில்லை. மன்னிச்சுக்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லிவிட்டால், பரவாயில்லை என்று அவள் சொல்ல வேண்டியிருக்கும், சொல்லியும்விடுவாள், பேச்சு முடிந்துவிடும். அதனால் சொல்லவில்லை. வேறொன்று கேட்டேன். ஒரு வருஷமாக எனக்குள் இருந்தது, கேட்பதற்குப் பயம்.

“என்ன பிள்ளை?”

நிமிர்ந்து பார்த்தாள். வந்ததில் இருந்து அப்போதுதான் நேருக்கு நேர் பார்த்தாள்.

“பொம்பளப் பிள்ளை. டாக்டரம்மா சொன்னாக. நீங்க கேட்டாச் சொல்லணும்னு இருந்தேன்.”

பிறகு அன்றைக்குக் காலையில் இருந்து ஆரம்பித்துச் சொன்னாள். இட்லிக்கு ஊற வைத்தது, இடுப்பு வலித்தது, வெயிலால் இருக்கும் என்று படுத்தது, படியில் உட்கார்ந்து எனக்குப் போன் போட்டது, பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு ஓடி வந்தது, ஆட்டோக்காரர் குழிக்குக் குழி மெதுவாக ஓட்டியது, ஆஸ்பத்திரியில் கணவர் எங்கே என்று கேட்டபோது இதோ வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னது. எதையும் விடவில்லை. நான் குறுக்கே பேசவில்லை. நடுவில் மச்சான் காராசேவுப் பொட்டலத்தோடு வந்தார், எங்களைப் பார்த்தார், பொட்டலத்தை வாசலிலேயே வைத்துவிட்டு மறுபடி வெளியே போய்விட்டார். மனுஷன் குமாஸ்தாதான், ஆனாலும் எந்த நேரத்தில் ஒதுங்க வேண்டும் என்று தெரிந்தவர்.

போன் இரண்டு தடவை அடித்தது. மேனேஜர். எடுத்து அணைத்து வைத்தேன்.

பேர் ஒன்று வைத்திருந்திருக்கிறாள். ஆணா பெண்ணா என்று தெரியாமலே, பெண் என்றே முடிவு செய்து, ஐந்து மாதமும் அந்தப் பேரைச் சொல்லித்தான் வயிற்றோடு பேசியிருக்கிறாள். நான் ஷூட்டிங் முடிந்து வந்ததும் சொல்லலாம் என்று வைத்திருந்தாளாம். யாழினி. நான் அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். வாயில் புதிதாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சேலையை வாயில் வைத்துக்கொண்டு, முதுகு குலுங்க அழுதாள். நானும் அழுதேன். என்னால் சரிசெய்ய முடியாத ஒன்றின் பக்கத்தில் நான் அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை.

என்னோடு வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் அஞ்சரை மணி ஆகியிருந்தது. ஆறு மணிக்குத் தூத்துக்குடிப் பஸ். எழுந்து, பையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடினேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்தவள் என்னைப் பார்த்தாள்.

“காலையில போங்க” என்றாள்.